கடன் கொப்பியும் கவ்வாத்துக் கத்தியும்: குறைப்பது என்றால் எதைக் குறைப்பது?

வாழ்க்கையை எளிமையாக்கச் சொல்லும் வீடியோக்கள் இப்போது இலங்கை மலையகத்துப் போன்களுக்கும் நிறைய வருகின்றன. அலுமாரியைக் காலி செய்யுங்கள், பாதி உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வீட்டில் வெற்றிடம் இருந்தால் மனதிலும் அமைதி இருக்கும் என்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில், ஒரே அலுமாரிக்குள் பள்ளிச் சீருடையும் சாமிப் படமும் அரிசி டின்னும் இருக்கும் வீட்டில், இதைப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி வருவது இயல்பு. நம்மிடம் பொருளே அதிகம் இல்லையே, அப்புறம் ஏன் தலை மட்டும் இவ்வளவு பாரமாக இருக்கிறது?

இது நல்ல கேள்வி. இதற்கு ஆராய்ச்சிகளில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. தேயிலை மலையில் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்திலும் இருக்கிறது. பாரம் பொருட்களின் எண்ணிக்கையில் இல்லை. முடிக்காமல் திறந்து கிடக்கும் விஷயங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைத்தான் அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குவதால் இந்த மூன்றையும் பிரித்துக்கொள்வோம்.

1. வறுமை: தேவையானது கையில் இல்லாத நிலை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. இடையில் 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்தது, அந்த வருட செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வருமானம்தான் வேண்டும். "குறைத்து வாழுங்கள்" என்ற அறிவுரையைச் சம்பளக் கோரிக்கைக்குப் பதிலாக யாராவது நீட்டினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

2. எளிமை: இருப்பதில் எது வேண்டும் என்று தானே தெரிந்தெடுப்பது. தெரிந்தெடுக்க வழியில்லாதவரை "எளிமையானவர்" என்று புகழ்வது சரியல்ல.

3. சிக்கல்: ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் முடியாமல் கிடக்கிறது என்பது. இந்தக் கட்டுரையில் அப்படிக் கிடக்கும் ஒவ்வொன்றையும் "திறந்த கணக்கு" என்று சொல்கிறேன். கட்டாத கடன், தைத்து முடியாத துணி, பாதியில் விட்ட கோர்ஸ், பதில் சொல்லாத வட்ஸ்அப் செய்தி, பிரதேச செயலகத்தில் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்க்காத பிறப்புச் சான்றிதழ் எல்லாமே இதற்குள் வரும்.

வறுமையும் சிக்கலும் பெரும்பாலும் ஒன்றாக வரும் என்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. ஆனால் கையில் அதே பணம் இருக்கும்போதே சிக்கலைக் குறைக்க முடியும். அதனால்தான் இதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

தலைக்குள் எவ்வளவு இடம்?

ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடிய விஷயங்களுக்கு ஓர் எல்லை உண்டு. 1956இல் ஜோர்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் அது ஏறக்குறைய ஏழு என்றார். 2001இல் நெல்சன் கோவன் அதைத் திரும்ப ஆராய்ந்து, உண்மையில் நான்கு அளவில்தான் இருக்கும் என்று வாதிட்டார். நான்கோ ஏழோ, சின்ன எண்தான்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் வேலை முழுதாக மனதை விட்டுப் போவதில்லை. சோஃபி லெரோய் 2009இல் இதைச் சோதித்துக் காட்டினார். முதல் வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனவர்களின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது, அடுத்த வேலையையும் அது கெடுத்தது. பால் பொங்குகிறதா என்று ஒரு காதை அடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

பணக் கவலை இதில் என்ன செய்கிறது? 2013இல் வெளியான ஓர் ஆய்வு தமிழ்நாட்டில், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. கரும்பு வெட்டுவதற்கு முன் கை வறண்டிருக்கும், வெட்டிய பின் பணம் வரும். அதே ஆட்களுக்கு முன்னும் பின்னும் சிந்தனைச் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் தெளிவாகச் செய்தார்கள். அறிவு கூடவில்லை, அதை அடைத்துக்கொண்டிருந்தது விலகியிருந்தது.

ஆனால் 2016இல் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களிடம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதுபோன்ற சோதனை வைத்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் அன்றைக்குக் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு எது? அதற்கு நெருக்கமாகப் போன ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது.

தொகையா, எண்ணிக்கையா?

நீண்ட காலமாகக் கடனில் இருந்த, வருமானம் குறைந்த 196 பேருக்கு சிங்கப்பூரில் ஓர் அறநிறுவனம் ஒருமுறை உதவியாக 5,000 சிங்கப்பூர் டொலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அவர்களை ஆய்வு செய்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடன் குறைந்ததும் மனக் கலக்கம் குறைந்தது, சோதனையில் தவறுகள் குறைந்தன. இதுவரை எதிர்பார்க்கக் கூடியதுதான். அடுத்த விஷயம்தான் முக்கியம். அடைபட்ட தொகை ஒரே அளவாக இருந்தாலும், அதனால் எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்து பலன் மாறியது. கூடுதலான கணக்குகள் மூடப்பட்டவர்களுக்குத்தான் தெளிவும் கூடியது.

காரணம் யோசித்தால் புரியும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது, கட்ட முடியாத வாரத்தில் சொல்ல வேண்டிய ஒரு சமாதானம் இருக்கிறது. 5,000 ரூபாய்க் கடனும் 50,000 ரூபாய்க் கடனும் மனதில் பிடிக்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதை நம் பக்கத்து வீடு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு குடும்பம், அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பா தோட்டத்துக்கு வெளியே கூலி வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

1. மச்சானிடம் வாங்கிய கைமாற்று: 5,000. திகதி கிடையாது.
2. கடைக் கொப்பி (கடனுக்கு வாங்கிய சாமான்): 7,000. சம்பள நாளில் கேட்பார்கள்.
3. வாரக் கடன் (குழுவாகச் சேர்ந்து எடுத்து வாராவாரம் கட்டுவது), இரண்டாவது குழு: மீதி 9,000. வியாழக்கிழமை தோறும் 900.
4. ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டு: இன்னும் கட்ட வேண்டியது 20,000.
5. வாரக் கடன், முதல் குழு: மீதி 30,000. செவ்வாய்க்கிழமை தோறும் 1,250.
6. நகை அடகு: 60,000.

மொத்தம் 131,000 ரூபாய். ஆறு கணக்குகள். தீபாவளி முற்பணமும் உண்டு, அதைத் தோட்டத்திலேயே சம்பளத்தில் வெட்டிக்கொள்கிறார்கள். அதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதுவும் கடன்தான், ஆனால் யாரும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. தானாகக் கழியும் கடன் பையில் கனக்கிறது, தலையில் அவ்வளவாகக் கனப்பதில்லை.

இந்தப் பட்டியலில் மிகப் பாரமானது எது? தொகையைப் பார்த்தால் நகை. ஆனால் அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் மச்சானின் 5,000 என்றுதான் சொல்வார் என்பது என் எண்ணம். அந்தக் கடனால் அவர் பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியை மாற்றியிருப்பார். மச்சான் வீட்டு வாசல் இஸ்தோப்பில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். கோவில் கூட்டத்தில் அண்ணியைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்வது போல வேறு பக்கம் திரும்புவார். வட்டியில்லாக் கடன் இது. இதற்கு வட்டி வேறு விதமாகப் போகிறது.

சரி, இப்போது கொழும்பில் வேலை செய்யும் மகன் 21,000 ரூபாய் அனுப்புகிறான். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, பெரிய கடனில் போடுவது. நகைக் கடன் 39,000 ஆகக் குறையும். கணக்குகள் ஆறும் அப்படியே இருக்கும். அடுத்த செவ்வாயும் வியாழனும் பழையபடியேதான்.

இரண்டாவது வழி, மேலே உள்ள முதல் மூன்றையும் மூடுவது. 5,000 + 7,000 + 9,000, சரியாக 21,000. ஆறு கணக்கு மூன்றாகிறது. வியாழக்கிழமை திரும்பக் கிடைக்கிறது. வாரம் 900 ரூபாய் விடுபடுகிறது. அதைச் செவ்வாய்க் கடனோடு சேர்த்துக் கட்டக் குழு இடம் தந்தால் வாரம் 2,150. இன்னும் 24 வாரம் போக வேண்டிய கடன் 14 வாரத்தில் முடியும். பீலியடிக்குப் போகும் வழியும் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டு வழியிலும் அன்றைய மொத்தக் கடன் 110,000தான். ஆனால் வீட்டு நிலைமை ஒன்றல்ல.

இதை எல்லா வீட்டுக்கும் சட்டமாக வைத்துவிட முடியாது. மூன்று இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

1. அடகின் திகதி. நகை ஏலத்துக்குப் போகும் நாள் கிட்ட வந்துவிட்டால் அதுதான் முதல். மற்றக் கடன்கள் காத்திருக்கும், ஏலம் போன நகை திரும்பி வராது.

2. வட்டியின் உண்மையான விகிதம். "வருடத்துக்கு 20 சதவீதம்தான்" என்று சொல்லி 50,000 தருகிறார்கள், 52 வாரத்தில் 60,000 கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், வருடம் முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதித் தொகை அளவுதான். அப்படியென்றால் உண்மையான வட்டி 40 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கடன் மற்றவற்றைவிட மிகவும் ஏறியிருந்தால் அதை முதலில் முடிப்பதுதான் நல்லது. முடிக்கப் போகும்போது, மீதி மாதங்களுக்கான வட்டியைக் கழிப்பார்களா என்று கேட்க வேண்டும். கழிக்காவிட்டால் முந்தி முடிப்பதில் பண லாபம் இல்லை, மன லாபம் மட்டும்தான்.

3. ஒரே பெரிய கடன் எடுத்துச் சின்னக் கடன்களை மூடுவது. கணக்கின்படி நல்ல யோசனை. ஆனால் மூடிய கொப்பியை மூன்று மாதத்தில் திரும்பத் திறந்தால் ஆறு கணக்கு ஏழாகிவிடும். கடைக் கொப்பியை நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

வேலையிலும் இதே கணக்குத்தான்

ஜோன் லிட்டில் என்ற அறிஞர் 1961இல் நிறுவிய ஒரு சூத்திரம் இருக்கிறது. எளிதானது. ஒரு வேலை உள்ளே வந்ததிலிருந்து முடிந்து வெளியே போக எடுக்கும் நேரம் என்பது, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது.

ஹட்டனில் ஒரு தையல் கடை. ஒரு நாளைக்கு மூன்று சாறிச் சட்டை முடிக்க முடியும். கையில் 12 இருந்தால் ஒவ்வொன்றும் நான்கு நாளில் முடியும். தீபாவளி வருகிறதே என்று 45 சட்டைக்குத் துணி வாங்கிப் போட்டால் 15 நாள். அது மட்டும் இல்லை. நாள் நீண்டதும் ஆட்கள் வந்து கேட்க ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் துணி மூட்டையைப் பிரித்துக் காட்டி, "நாளைக்கு வாங்க அக்கா" என்று சொல்லி அனுப்பி, அவசரம் என்றவருக்காகப் பாதியில் நிற்கும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைத் தொட்டு... மூன்று இரண்டாகிவிடும். இப்போது 45 சட்டைக்கு 22 நாளுக்கு மேல். கூடுதலாக எடுத்ததால் கூடுதலாக முடியவில்லை, எல்லாமே பிந்தியது.

செய்ய வேண்டியது, துணியை வாங்காமல் திகதியை மட்டும் கொப்பியில் எழுதுவது. "20ஆம் திகதி துணியைக் கொண்டு வாங்க, 24ஆம் திகதி தருவேன்." மேசையில் எப்போதும் 12க்கு மேல் இல்லை. வெட்டியதைத் தைத்து முடிக்காமல் அடுத்ததை வெட்டுவதில்லை. சிலர் வேறு கடைக்குப் போவார்கள், அது உண்மையான இழப்புத்தான். சொன்ன நாளில் கொடுத்த கடை என்ற பேர் அதைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

மாணவர்களுக்கும் இது பொருந்தும். உயர்தரப் பரீட்சையில் பாடம் மூன்றுதான், அந்த அளவில் அமைப்பே தெரிந்தெடுக்க வைக்கிறது. ஆனால் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று டியூசன் என்று ஆனதும் அந்த மூன்று ஏழாகிவிடுகிறது. சனிக்கிழமை விடிய முந்தி எழுந்து தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் பிடித்து, மூன்று மாஸ்டரின் மூன்று விதக் குறிப்பை எழுதிக்கொண்டு இருட்டிய பின் வீடு வருகிற பிள்ளைக்கு, அதில் ஒன்றையாவது மூடி வைத்துவிட்டுத் தானாக எழுதிப் பார்க்க எப்போது நேரம்? ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் செய்த சோதனை ஒன்றில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் வைத்திருந்தார்கள். அப்படியென்றால் முக்கியமானது கடந்தகால வினாத்தாள். மூன்றாவது டியூசன் போகும் நேரத்தில் வினாத்தாளோடு உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்குக் காசும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

80 சதவீத விளைவு 20 சதவீதக் காரணங்களிலிருந்து வருகிறது என்று சொல்லும் 80/20 விதி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த விஷயம் பேசினால் அது கட்டாயம் வரும். இத்தாலிய அறிஞர் பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காணியும் செல்வமும் சிலரிடமே குவிந்திருப்பதைக் கணக்கிட்டார். ஜோசப் ஜுரான் என்ற தர மேலாண்மை அறிஞர் 1940களில் அந்தப் பெயரையே எடுத்து, பெரும்பாலான விளைவு சில காரணங்களிலிருந்து வருகிறது என்ற பொது விதியாக்கினார். பயனுள்ள கண்ணாடிதான். ஆனால் 80, 20 என்ற எண்களில் மந்திரம் ஒன்றும் இல்லை. எந்தச் சிலது முக்கியம் என்றும் அது சொல்லாது.

ஏன் நமக்குக் குறைக்கத் தோன்றுவதில்லை?

2021இல் வெளியான ஓர் ஆய்வில் லெகோ கட்டைகளால் செய்த ஒரு சின்னக் கட்டடத்தைக் கொடுத்தார்கள். அதன் கூரை ஒரு மூலையில் ஒரே கட்டையின் மேல் நின்று ஆடியது. உறுதியாக்கினால் ஒரு டொலர் பரிசு, சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பத்து சதம் வெட்டு. அந்த ஒரு கட்டையை எடுத்துவிட்டால் கூரை அடித்தளத்திலேயே உட்கார்ந்துவிடும், செலவே இல்லை. ஆனால் 41 சதவீதம் பேர்தான் அப்படிச் செய்தார்கள். "எடுப்பதற்குக் காசு இல்லை" என்று நினைவூட்டியதும் அது 61 சதவீதம் ஆனது. குறைப்பது பிடிக்காமல் இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

நம் வீடுகளிலும் பணம் போதவில்லை என்றால் இன்னொரு சீட்டு, புள்ளி குறைந்தால் இன்னொரு டியூசன், வியாபாரம் படுத்தால் இன்னொரு சாமான் என்றுதான் யோசனை போகிறது.

இதோடு சேர்ந்து இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, போட்ட காசு. 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது போல, ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகவே பயனில்லாவிட்டாலும் அதைத் தொடர்வோம். பாதியில் நிற்கும் கம்பியூட்டர் கோர்ஸ் ஒரு வேலைக்கும் உதவப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் மிச்சப் பணத்தைக் கட்டுவது இதனால்தான். போன காசு போனதுதான், இனிப் போகும் காசை மட்டும் பார்க்க வேண்டும்.

மற்றது, நாலு பேர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். பூப்புனித நீராட்டு, கலியாணம், திருவிழா உபயம் என்று ஒவ்வொன்றிலும் மற்றவர் செய்த அளவு செய்யாவிட்டால் பேச்சு வரும். இதைத் தனி ஆளால் குறைப்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லயத்தில் நாலு வீடு சேர்ந்து "இனிமேல் இவ்வளவுதான்" என்று பேசி வைத்தால் குறையும். அப்படிப் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் வயதான பெண்கள்தான், அவர்கள் சொன்னால் எடுபடுகிறது.

கவ்வாத்து எப்படி வேலை செய்கிறது

குறைப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். தேயிலையை அப்படியே விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மரம் அது. இடுப்பளவில் செடியாக நிற்பது வெட்டுவதால்தான். சில வருடம் கொழுந்தெடுத்த பின் மட்டம் ஏறிவிடும், மேலே குச்சிகள் நெருங்கிப் பின்னிக்கொள்ளும், மொட்டுகள் வளராமல் நின்றுவிடும். செடி பச்சையாகத்தான் இருக்கும், கூடையில் மட்டும் விழாது. அப்போது கவ்வாத்து. மலையின் உயரத்தைப் பொறுத்து ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். இதில் கவனிக்க வேண்டியவை சில.

1. வேரைப் பார்த்துத்தான் கத்தியை எடுக்க வேண்டும். இலை முழுதும் போன செடி, புதுத் தளிர் விடும் வரை வேரில் சேமித்த மாச்சத்தில்தான் உயிரோடு இருக்கும். வேர்த்துண்டில் அயடின் விட்டால் மாச்சத்து இருக்கும் இடம் கறுநீலமாகும். நிறம் ஏறாத செடியை வெட்டினால் செத்துவிடும். அதனால் கவ்வாத்துக்கு முன் கொஞ்ச நாள் கொழுந்தெடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். வீட்டுக்கும் இது பொருந்தும். ஒரு வருமானத்தையோ வேலையையோ விடுவதற்கு முன், அது இல்லாமல் எத்தனை கிழமை நிற்க முடியும் என்று பார்க்க வேண்டும். ஒரு மாத அரிசிக் காசுகூட ஒதுக்காமல் "பிடித்ததை மட்டும் செய்யப் போகிறேன்" என்று இறங்குவது மாச்சத்து இல்லாத செடியை வெட்டுவது.

2. வறட்சியில் வெட்டக் கூடாது. வெயிலும் காய்ந்த மண்ணும் சேர்ந்து செடியைக் கொன்றுவிடும். சாவு வீடு, நோய், வேலை போன நேரம் இதெல்லாம் பெரிய முடிவுகளுக்கு ஏற்ற நேரம் அல்ல.

3. சில இடங்களில் இலையோடு ஓரிரு கிளையை விட்டுவைத்து மற்றதை வெட்டுவார்கள். செடி மூச்சுவிட அது உதவும். புதுத் தளிர் வந்த பின் அதையும் எடுத்துவிடுவார்கள். அரைகுறை வேலை போலத் தெரியும், ஆனால் செடியைக் காப்பாற்றுவது அதுதான்.

4. எல்லா மலையையும் ஒரே வருடத்தில் வெட்ட மாட்டார்கள். நான்கு வருடச் சுற்று என்றால் வருடம் கால்பங்கு. அதனால்தான் கவ்வாத்து நடக்கும் வருடத்திலும் தோட்டத்துக்குக் கொழுந்து வருகிறது.

5. வெட்டிய பின் சில மாதம் அந்த மலையில் கொழுந்து இல்லை. இது கணக்கில் சேர்த்த நட்டம். புதுத் தளிர்களை ஒரே உயரத்தில் கிள்ளி மட்டம் பிடித்த பிறகுதான் கூடை திரும்ப நிறையும். எதையாவது குறைத்த முதல் மாதமே பலன் இல்லையென்று பழையபடி திரும்புகிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

6. வெட்டிய குச்சியை அந்த மண்ணிலேயே போடுவார்கள், வெயில் காயாமல் செடியின் மேலும் பரப்புவார்கள். விட்ட கோர்ஸில் படித்த தட்டச்சும், மூடிய கடையில் பழகிய வாடிக்கையாளரும் அப்படி மண்ணுக்குள் போகும் குச்சிதான்.

கத்தி படக் கூடாத இடம்

"பழைய கடதாசிகளை எறிந்துவிடுங்கள்" என்பது இந்த வீடியோக்களில் அடிக்கடி வரும் அறிவுரை. மலையகத்தில் இதைக் கேட்கவே கூடாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்தார் என்று நிரூபி என்றது, அது இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறைக்கு அதை எப்படிக் காட்டுவது? அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், திருமணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. கடதாசி இல்லாததால் நாடில்லாமல் போனவர்கள் நம் தாத்தா பாட்டிமார். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல்.

அதனால் அம்மாயியின் தகரப் பெட்டியில் மடித்து வைத்த பழுப்புக் கடதாசியைக் குப்பை என்று யாரும் சொல்லக் கூடாது. பெயரெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் வைத்திருக்க வேண்டும், அந்த மாறிய எழுத்தைத் திருத்தப் போகும்போது அதுவே சான்று. ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகளும் அப்படித்தான். சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் மாதா மாதம் சேர்ந்த காசு அது. தோட்டம் மாறி மாறி வேலை செய்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கம் இருக்கலாம், ஒன்றையும் தவறவிடக் கூடாது.

மாதச் சந்தா கட்டும் மரண உதவிச் சங்கத்தையும் வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னத் தொகை, வருடக்கணக்கில் ஒன்றும் திரும்பி வராது போலத் தெரியும். ஆனால் ஓர் இரவில் ஆறு புதுக் கடன் முளைக்காமல் தடுப்பது அதுதான்.

கடதாசிகளில் குறைக்கக் கூடியது அவை கிடக்கும் இடங்களின் எண்ணிக்கை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மண்ணுக்குள் போயின. மண்சரிவு எச்சரிக்கை வந்து வீட்டை விட்டு இறங்கும் நேரத்தில் அலுமாரி, பெட்டி, சாமித்தட்டு, அரிசி டின் என்று நாலு இடத்தில் தேட முடியாது. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், திருமணப் பதிவு, குடியுரிமைக் கடதாசி, சேமலாப நிதிக் கடதாசி, வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், கிளினிக் கொப்பி. எல்லாம் ஒரே பொலித்தீன் உறைக்குள், கூரை ஒழுகாத பக்கத்து ஆணியில் தொங்கும் ஒரே பையில். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அனுப்பி வைக்கலாம். பை எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லாருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும்.